சைலன்சரில் உள்ள ஃபிளாப்பை எப்போதும் திறந்தே வைத்துவிடலாமா?

கேள்வி: அஸ்தம்பட்டிவாசி

வணக்கம். ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்ட ஜெர்மன் செடான் ஒன்றைச் சென்ற மாதம் பழைய வண்டியாக வாங்கினேன். பின்புறம் இரண்டு புகைக்குழாய்கள் உள்ளன. வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது கையைக் காட்டினால் வலப்பக்கக் குழாயிலிருந்து மட்டுமே சூடான காற்று அடிக்கிறது. இடப்பக்கக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்ததில், ஒரு சாண் உள்ளே வட்டத் தகடு ஒன்று குழாயை அடைத்து நிற்பது தெரிந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் அந்தப் பக்கத்திலிருந்து தகரம் நடுங்குவது போன்ற ஓசையும் சற்று நேரம் வருகிறது.

ஏற்காடு மலைப்பாதையில் இரண்டாவது கியரில் ஏறும்போது, முள் 3,500 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் ஓசை கனத்து ஒலிக்கிறது. அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தகட்டுக்குச் செல்லும் சிறிய ரப்பர் குழாயைப் பிடுங்கிவிட்டால் எப்போதும் அந்த ஓசை கிடைக்கும் என்று தெரிந்த மெக்கானிக் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்வதால் இன்ஜினுக்குக் கெடுதல் உண்டா?

பதில்: லீ பஜார் பட்டறை

ஐயா, நீங்கள் பார்த்த தகடுதான் ஃபிளாப்; அது பழுதல்ல. அது மூடியிருக்க வேண்டிய நேரத்தில்தான் மூடியிருக்கிறது. அதன் நடுவில் ஓர் அச்சு செல்கிறது. அச்சின் வெளிமுனையில் சிறிய நெம்புகோலும், அதை இழுக்க உள்ளே ரப்பர் சவ்வு கொண்ட வட்ட டப்பா ஒன்றும் இருக்கும். தகடு மூடியிருக்கும்போது புகை முழுவதும் சைலன்சருக்குள் துளையிட்ட குழாய்களையும் அறைகளையும் சுற்றிக்கொண்டு ஒரே வாயிலால் வெளியேறுவதால் ஓசை அடங்குகிறது. தகடு திறந்தவுடன் குறுக்குவழி கிடைப்பதால் ஓசை கனக்கிறது. எப்போது திறப்பது என்பதை ஆர்பிஎம், ஆக்சிலரேட்டரின் அழுத்தம், கியர் ஆகியவற்றைப் பார்த்து இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, முடிவு செய்கிறது.

ரப்பர் குழாய் உள்ள வகையில் பெரும்பாலும் வேக்கம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு)தான் தகட்டை மூடுகிறது. வேக்கம் இல்லாதபோது ஸ்பிரிங் அதைத் திறந்துவிடுகிறது. ஆகவே உங்கள் மெக்கானிக் சொன்னபடி அது திறந்துகொள்ளும். ஆனால் பிடுங்கிய குழாயின் வாயைக் கட்டாயம் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால், வேக்கம் வரும் நேரமெல்லாம் அளவிடப்படாத காற்று உள்ளே இழுக்கப்பட்டு ஐடிலிங் தடுமாறும், செக் இன்ஜின் விளக்கும் எரியக்கூடும். புதிய கார்களில் இந்த வேலையை மின்மோட்டார் செய்கிறது. அதன் கனெக்டரைக் கழற்றினால் தகடு எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே நின்றுவிடும்.

இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை. இன்ஜினுக்கு பேக் பிரஷர் (புகை வெளியேறுவதைத் தடுக்கும் எதிரழுத்தம்) தேவை என்று பட்டறைகளில் சொல்வதை நம்ப வேண்டாம். தகடு, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தாண்டிக் கடைசியில் இருப்பதால் புகையின் தன்மையும் மாறாது. காலையில் கேட்கும் நடுக்கம் அச்சைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்ததாலோ கரி படிந்ததாலோ வருவது. முதலில் அதைப் பாருங்கள். கிரீஸ் மட்டும் வைத்துவிடாதீர்கள்; அந்தச் சூட்டில் அது கருகி அச்சை இன்னும் இறுக்கிவிடும்.

பதில்: தொப்பூர் கணவாய்

மேலே சொன்னவை சரி. நிரந்தரமாகத் திறந்து வைப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிப்பதால், 2,000 ஆர்பிஎம்மில் ஆறு சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 100 முறையும், நான்கு சிலிண்டர் இன்ஜின் ஏறத்தாழ 67 முறையும் வெடிக்கும். இந்த அதிர்வெண்களில் காருக்குள் அடைபட்டிருக்கும் காற்றும் சேர்ந்து அதிரத் தொடங்கினால், காதுக்குள் அழுத்துவது போன்ற ரீங்காரம் விடாமல் வரும். தருமபுரி சாலையில் சீரான வேகத்தில் சென்றபோது, தொப்பூர் வருவதற்குள் பின்னிருக்கையில் இருந்த என் தாயார் தலைவலி என்று வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஃபிளாப் மூடியிருப்பது இந்த ரீங்காரத்தைத் தடுப்பதற்காகவும்தான்.

பிறகு நான் வேக்கம் குழாயின் நடுவில் மூன்று வாய் கொண்ட, மின்சாரத்தால் இயங்கும் சிறிய சொலினாய்டு வால்வைப் பொருத்தி, அதன் சுவிட்சை டாஷ்போர்டுக்குக் கீழே வைத்தேன். சுவிட்சைப் போட்டால் வேக்கம் வரும் பக்கம் அடைபட்டு, டப்பாவின் பக்கம் வெளிக்காற்றுக்குத் திறக்கிறது, தகடு திறந்துகொள்கிறது. அணைத்தால் எல்லாம் கம்பெனி வைத்தபடியே நடக்கிறது. இசியூவின் வயரைத் தொடாததால் எரர் கோடு எதுவும் வரவில்லை.

பதில்: அடிவாரம்

சுவிட்ச் வைத்தாலும் சட்டம் மாறிவிடாது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நம் நாட்டில் காருக்கான ஓசை வரம்பு 74 டெசிபல். 7.5 மீட்டர் தொலைவில் மைக் வைத்து, வண்டி முழு ஆக்சிலரேட்டரில் கடந்து செல்லும்போது அதை அளக்கிறார்கள். ஃபிளாப்பின் திறப்பு நேரமும் அந்தச் சோதனையை மனத்தில் கொண்டே அமைக்கப்படுகிறது. வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஓசை விதியை மீறினால் 190(2)ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமிருக்கிறது.

ஏற்காட்டுச் சாலையின் அருகிலேயே நான் குடியிருக்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பாறைச் சுவர் ஓசையைத் திருப்பி அடிப்பதால், மேலே மூன்றாவது வளைவில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் வண்டி எங்கள் திண்ணையில் நிற்பதுபோல் கேட்கிறது. இறங்கும் பேருந்துகளும் லாரிகளும் எக்ஸாஸ்ட் பிரேக் போடும்போதும் இதைப் போன்ற தகடுதான் புகைக்குழாயை மூடுகிறது. அந்தச் சீறல் உயிரைக் காப்பதற்கானது என்பதால் அதை நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம். இரவு பதினொரு மணிக்கு விருப்பத்துக்காக எழுப்பும் ஓசையைப் பொறுப்பது கடினம்.

கேள்வி கேட்டவர்: அஸ்தம்பட்டிவாசி

மூவருக்கும் நன்றி. நேற்று வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். ரப்பர் குழாயில் பழுது இல்லை. அச்சில்தான் கரி இறுகிப் போயிருந்தது. துரு நீக்கும் எண்ணெயை ஊறவிட்டு நெம்புகோலைக் கையால் பலமுறை அசைத்தபின், தகடு தடையின்றிச் சுழன்றது. இதுவரை பாதி மட்டுமே திறந்திருக்கிறது போலும். இன்று காலை மலையேறியபோது 3,500ஐத் தாண்டியதும் முன்பைவிட நிறைவான ஓசை வந்தது. காலை நடுக்கமும் நின்றுவிட்டது. குழாயைப் பிடுங்கவில்லை, சுவிட்சும் வைக்கப்போவதில்லை.