புதுப்பிப்பு: சீன எழுத்துகளை மொத்தமாகத் தேடுவது
நிறைய சீன எழுத்துகளுக்கு ஒரே நேரத்தில் உச்சரிப்பும் பொருளும் எடுப்பது பற்றிய என் முந்தைய இழைக்குத் தொடர்ச்சி.

எம்டிபிஜி (MDBG) என்ற இணையச் சீன-ஆங்கில அகராதித் தளத்தில் முழு உரையையும் அப்படியே ஒட்டுங்கள். அதுவே சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டும். தயவுசெய்து எழுத்து எழுத்தாக உடைக்காதீர்கள். 'வங்கி' என்ற சொல் 'யின்ஹாங்'. அதன் இரண்டாம் எழுத்தைத் தனியாகத் தேடினால் பெரும்பாலும் 'சிங்' என்றுதான் முதலில் வரும்.

பிடிஎஃப்-இலிருந்து நகலெடுத்த எளிய எழுத்துக்குக்கூட 'இல்லை' என்று வருகிறதா? அநேகமாக அது காங்ஷி வேரெழுத்துக் குறியீடு, அதாவது அகராதிகளில் எழுத்துகளை வகைப்படுத்தும் வேர்வடிவங்களுக்கான தனிக் குறியீடு. பார்வைக்கு அதே எழுத்து, ஆனால் கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் வேறு எண். யூனிகோடு உரையை ஒரே சீரான வடிவுக்குக் கொண்டுவரும் (இயல்பாக்கும்) முறைகளில் என்எஃப்சி (NFC) இதை மாற்றாது; என்எஃப்கேசி (NFKC) முறையில் இயல்பாக்கிவிட்டுத் தேடுங்கள். பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி வேலை.

தனி எழுத்துப் பட்டியல் மட்டும் என்றால் யூனிஹான் (சீன எழுத்துகளின் உச்சரிப்பும் பொருளும் கொண்ட யூனிகோடு தரவு) கோப்பே போதும், தரவிறக்கிவிட்டால் இணையமும் வேண்டாம்.