கேஷியர் இன்டர்வியூல என்ன கேப்பாங்க? (மதுரை, தனியார் பேங்க்)

வாடிப்பட்டி பி.காம்:
வர்ற செவ்வாய்க்கிழமை பைபாஸ் ரோட்டுல ஒரு தனியார் பேங்க்ல கேஷியர் வேலைக்கு இன்டர்வியூ. ஒரு வருஷமா கீழமாசி வீதியில மளிகை மொத்தக்கடையில பில்லு போடுறேன். சாயங்காலம் கல்லாவை எண்ணி ஒப்படைக்கிறதும் நான்தான். பேங்குக்குள்ள போனதெல்லாம் கடைப் பணம் கட்டுறதுக்குத்தான். என்ன கேப்பாங்க? இங்கிலீஷ் சுமாராத்தான் வரும். மளிகைக்கடை வேலையைச் சொல்லலாமா, மறைச்சிரவா? எங்க வீட்டுப் பக்கம் பேங்க்ல யாரும் இல்லை, கேட்டுக்க ஆளில்லை.

திருமங்கலம் தம்பி:
யூடியூப் பாத்துக் குழம்பிராதீங்க. அரசு பேங்க் கிளார்க்குக்கு 2016க்கு அப்புறம் இன்டர்வியூ கிடையாது. பிரிலிம்ஸ், மெயின்ஸ்னு ரெண்டு எழுத்துத் தேர்வு, உள்ளூர் மொழி தெரியுமான்னு ஒரு சோதனை, அவ்வளவுதான். தனியார்ல இன்டர்வியூதான் முக்கியம். என்கிட்ட 37 ஐநூறும் 63 இருநூறும் சேத்தா எவ்வளவுன்னு கேட்டாங்க, பேனா எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. 31,100. கடைக்காரங்களுக்கு இது தண்ணிபட்ட பாடு.

ஓய்வுபெற்ற கேஷியர், சிம்மக்கல்:
மறைக்காதம்மா. தினம் சாயங்காலம் அடுத்தவங்க பணத்தை எண்ணிக் கணக்கு ஒப்படைச்சிருக்க, அதை முதல்லயே சொல்லு. நான் 31 வருஷம் கவுண்டர்ல இருந்தவ. கடைசி ஆறு வருஷம் ஆள் எடுக்குறப்ப மேனேஜர் பக்கத்துல என்னையும் உக்கார வைப்பாங்க.

ஒரு கேள்வி கண்டிப்பா வரும். "சாயங்காலம் 900 ரூபா குறையுது, என்ன செய்வீங்க?" முக்கால்வாசிப் பிள்ளைங்க, "என் கையிலருந்து போட்டுருவேன் சார்"னு சொல்லுவாங்க. நேர்மையைக் காட்டுறதா நினைச்சுத்தான் சொல்லுவாங்க. எனக்கு அதைக் கேட்டா வருத்தமா இருக்கும், ஏன்னா நானும் அதைச் செய்யப் பாத்தவதான். வேலைக்குச் சேந்த முதல் வருஷம், சித்திரைத் திருவிழா நேரம், கவுண்டர்ல நிக்க இடமில்லாத கூட்டம். சாயங்காலம் சரியா 900 குறையுது. பர்ஸைத் திறந்துட்டேன். தலைமைக் கேஷியர் என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டு, "குறையுற தொகை ஒன்பதால வகுபடுதான்னு பாரு. வகுபட்டா இலக்கத்தை இடம் மாத்தி எழுதிருக்கியான்னு தேடு"ன்னார். ரிஜிஸ்டரை மேலருந்து விரல் வச்சு இறங்கினோம். 5,400 கொடுத்துட்டு 4,500ன்னு எழுதியிருந்தேன். பணம் எங்கயும் போகல. நான் பர்ஸ்லருந்து போட்டிருந்தா அந்தத் தப்பு அப்படியே கணக்குக்குள்ள புதைஞ்சிருக்கும்.

அதனால பதிலை இப்படிச் சொல்லு: கட்டைப் பிரிச்சு மறுபடி எண்ணுவேன், செலான் பின்னாடி எழுதின நோட்டு விவரத்தோட ஒத்துப் பாப்பேன், அப்பவும் வரலைன்னா அன்னைக்கே ஆபீசர்கிட்ட சொல்லுவேன். கூடுதலா இருந்தாலும் அதே மாதிரி சொல்லணும். கூடுற பணம் யாரோ ஒருத்தருக்குக் குறைஞ்ச பணம்தானே.

அடுத்தது கள்ள நோட்டு. 500 நோட்டைச் சாய்ச்சா பச்சை இழை நீலமா மாறும், ரெண்டு ஓரத்துலயும் அஞ்சஞ்சு மேடான கோடு விரலுக்குத் தட்டுப்படும். அது தெரிஞ்சா மட்டும் பத்தாது. பாவம்னு திருப்பிக் கொடுத்துருவேன்னு சொல்லிராத. முத்திரை குத்தி வச்சுக்கிட்டு ரசீது கொடுக்கணும், அதுக்குப் பதில் பணம் கிடையாது. ஒரே தடவையில நாலு நோட்டு வரைக்கும்னா மாசக் கடைசியில போலீசுக்கு மொத்தமா அறிக்கை போகும். அஞ்சுன்னா உடனே போகணும்.

அதோட விடமாட்டாங்க, "கள்ள நோட்டு கொண்டு வந்த அம்மா அழுதா?"ன்னு கேப்பாங்க. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுலருந்து ஒருத்தங்க எங்க கிளைக்கு வருவாங்க. மல்லிகை ஈரத்துல பத்து ரூபா நோட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கும். ஒவ்வொண்ணா உரிச்சு ஃபேனுக்குக் கீழே பரப்பித்தான் எண்ணுவேன். ஒருநாள் அவங்க பணத்துல ஒரு கள்ள நூறு. ராத்திரி முழுக்கக் கண்முழிச்சு வித்த காசு அது. கூட்டம் கேக்குற மாதிரி சொல்லாம, உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, நோட்டை வெளிச்சத்துல காட்டி விளக்கினேன். ரசீதை வாங்கிட்டுப் போனாங்க, மறுவாரமும் என் கவுண்டருக்கே வந்தாங்க. இந்த மாதிரி உன் கடையில நடந்தது ஒண்ணு இருக்குமே, அதைச் சொல்லு. தமிழ்லயே சொல்லு. இங்கிலீஷ்ல உன்னைப் பத்தி நாலு வரி தடுமாறாமச் சொன்னாப் போதும்.

ரொக்கம் கட்ட எப்ப பான் கார்டு வேணும், பெரிய தொகையை இன்னொரு பேங்குக்கு உடனே அனுப்புற ஆர்டிஜிஎஸ் ரெண்டு லட்சத்துலருந்துதான், இதெல்லாம் ஒரு தடவை பாத்துக்க. இன்சூரன்ஸ் பிடிச்சுத் தருவியான்னும் தனியார்ல கேப்பாங்க. முடியும்னா முடியும்னு சொல்லு, ஆனா எண்ணிக்கை எதுவும் வாக்குக் கொடுத்துராத.

வாடிப்பட்டி பி.காம்:
ரொம்ப நன்றிம்மா. கடையில ஒருநாள் 270 குறைஞ்சு என் கைக்காசைப் போட்டேன். இன்னைக்கு அந்தக் கணக்கு நோட்டை எடுத்துப் பாத்தா 630 கொடுத்துட்டு 360ன்னு எழுதிருக்கேன்! குறைஞ்ச பணத்தை யார் கட்டணும்னு நான் அவங்ககிட்ட கேக்கலாமா?

ஓய்வுபெற்ற கேஷியர், சிம்மக்கல்:
கேளும்மா, கடைசியில "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா"ம்பாங்க, அப்ப கேளு. அந்த 270 கதையையும் அப்படியே சொல்லு. ஆரப்பாளையத்துல இறங்கி காளவாசல் தாண்டுறதுக்குள்ள காலையில நேரம் போயிரும், ஒரு பஸ் முன்னாடியே ஏறிரு. ஒரிஜினல் சர்டிபிகேட்டை மறந்துராத.