வாயில் வருகிறது, எழுத்தில் வரவில்லை

வணக்கம். சிங்கப்பூர் அங் மோ கியோவில் இருக்கிறோம், மகன் தொடக்கநிலை 4. ஆங்கில இறந்தகால வினைகளோடு ஆறு மாதமாகப் போராட்டம். கேட்டால் 'கேட்ச், காட்' என்று டக்கென்று சொல்கிறான். கட்டுரை எழுதும்போது 'கேட்ச்ட்' ஆகிவிடுகிறது. நேற்று ஒரே பக்கத்தில் 'வென்ட்' சரியாக, அடுத்த வரியில் 'ரன்ட்'. அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிட்டது, பாவம்.

ஃபிரிட்ஜில் அட்டவணை ஒட்டினோம். நூலகத்துக் கதைப்புத்தகங்களும் படிக்கிறான். அப்புறம் 'சிங், சேங், சங்' மாதிரி ஓசை ஒத்தவற்றைச் சேர்த்துப் படித்தோம். 'கட்', 'புட்' போல மாறாதவை மனதில் நின்றுவிட்டன. 'டீச், டாட்', 'பிரிங், பிராட்' வகைதான் நிற்கவில்லை. டியூஷனிலும் மனப்பாடம்தான்.

மனப்பாடமானது கட்டுரையிலும் சரியாக வர, உங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் பயிற்சி கைகொடுத்தது?