லஃப்ராய்க் 10, ஆர்ட்பெக் 10: எதில் புகை அதிகம்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கிளாஸ்கோவாசி:

மூன்று வாரமாக மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். இரண்டும் ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கி, இரண்டும் பத்து வருடச் சரக்கு, ஒரு ஆலையிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஆர்ட்பெக்தான் அதிகப் புகை என்று எல்லோரும் சொல்கிறார்கள், எண்ணும் அதையேதான் சொல்கிறது: மால்ட்டில், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியில், புகைவாசம் தரும் பீனால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பதுதான் பிபிஎம். ஆர்ட்பெக் மால்ட் 50லிருந்து 55 பிபிஎம், லஃப்ராய்க் 40லிருந்து 45. சரி, லேசானதில் ஆரம்பித்துக் கனமானதற்குப் போகலாம் என்று நினைத்து லஃப்ராய்க் 25 மில்லி முதலில், ஆர்ட்பெக் 25 மில்லி அடுத்து என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

லஃப்ராய்க் கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றுவிட்டது. டிங்சர்! முழங்கால் சிராய்ந்து வீட்டுக்கு வந்தால் பஞ்சில் தொட்டு வைப்பார்களே, அந்தப் பழுப்பு மருந்தின் நெடி, அச்சு அசலாக. ஒரு மடக்கு குடித்தேன். உப்பு, கடற்கரையில் காய்ந்து கிடக்கும் பாசி, தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பின் சாம்பல், எல்லாம் போன பிறகு தொண்டையில் மெல்லிசாக ஒரு இனிப்பு. அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது என்று இன்னும் புரியவில்லை.

அடுத்தது ஆர்ட்பெக். இதற்கு மேல் என்ன வரப்போகிறதோ என்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் எடுத்தேன். எலுமிச்சைத் தோல், மிளகு, கொஞ்சம் தார். புகை நிறைய இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அது நன்றாகக் காய்ந்த விறகின் புகை, கண்ணைக் கரிக்காத புகை. எண்ணில் பெரியது எப்படி இவ்வளவு சாதுவாக இருக்கும்? யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

செம்புப்பானை:

எனக்கு ஆகியிருக்கிறது, காரணமும் அங்கேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கென்னக்ரெய்க்கில் கப்பலேறி போர்ட் எலன், அங்கிருந்து தெற்குக் கரையோரமாகவே நடை. முதலில் லஃப்ராய்க், அப்புறம் லகவூலின், கடைசியில் ஆர்ட்பெக், எல்லாம் சுமார் மூன்றரை மைலுக்குள் அடங்கிவிடும்.

லஃப்ராய்க்கில் இன்னும் தரையில் பார்லியைப் பரப்பி முளைகட்டுகிறார்கள். அவர்கள் தேவை முழுவதும் அதில் கிடைப்பதில்லை, ஒரு சின்னப் பங்குதான், மீதி வெளியிலிருந்து வருகிறது. ஆனாலும் அந்தச் சின்னப் பங்குக்காகவே ஒரு தடவை போய்விட்டு வரலாம். சூளைக் கதவைத் திறந்து காட்டினார்கள். உள்ளே பீட் கட்டிகள், அதாவது சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த மட்கிய மண், சுடர் விட்டு எரியவில்லை, ஈரத்தோடு புகைந்துகொண்டிருந்தன. தானியம் ஈரமாக இருக்கும்போதுதான் புகை உமியில் ஒட்டும், காய்ந்துவிட்டால் ஒட்டாது, அதனால் முதலில் புகை, பிறகுதான் சூடு. மேல்தளத்திலிருந்து ஒரு பிடி மால்ட் எடுத்துக் கையில் கொடுத்தார்கள். மென்றேன். முதல் இரண்டு நொடி ஹார்லிக்ஸ் மாதிரி இனிப்பு, மூன்றாவது நொடியில் மண்டைக்குள் புகை ஏறி இருமல் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாய் மட்டும் இன்னொரு பிடி கேட்கிறது. அந்த நொடி இன்னும் எனக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் சொல்கிற கடைசி இனிப்பு அந்த மால்ட்டின் இனிப்புதான், எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆர்ட்பெக்கில் பழைய சூளைக் கட்டடம் இப்போது சாப்பாட்டுக் கூடம். 1981ல் மூடி, 1989ல் அரைகுறையாகத் திறந்து, 1996ல் மறுபடி மூடி, 1997ல் கிளென்மொரஞ்சி நிறுவனம் வாங்கிய பிறகுதான் அந்த ஆலைக்கு உயிர் வந்தது. மால்ட் முழுவதும் வெளியிலிருந்துதான். நான் பார்க்க ஆசைப்பட்டது காய்ச்சும் பானையை. ஆவி குளிர்கிற இடத்துக்குப் போகும் குழாயில் ப்யூரிஃபையர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கனமான ஆவியை அது பிடித்து மறுபடியும் பானைக்குள்ளேயே விட்டுவிடும், லேசானதுதான் தாண்டிப் போகும். உங்கள் எலுமிச்சைத் தோல் அங்கிருந்து வருகிறது. லஃப்ராய்க்கில் நேர்மாறு, முதலில் இறங்குகிற பழவாசனைப் பகுதியை முக்கால் மணி நேரம் வரை ஒதுக்கிவிட்டு அதற்குப் பிறகுதான் சேகரிக்கிறார்கள். பழம் போய்விட்டது, மருந்தும் தாரும் மிச்சம். உங்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை.

பார்லிக்கணக்கு:

செம்புப்பானை சொன்னதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிளாஸ்கோவாசி செய்த ஒப்பீடே சரியில்லை என்பதை ஏன் யாரும் சொல்லவில்லை? பிரிட்டனில் கிடைக்கிற லஃப்ராய்க் 10 வெறும் 40 சதவீதம். ஆர்ட்பெக் 10 அப்படியில்லை, 46 சதவீதம், குளிரவைத்து வடிகட்டாதது. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் ஆல்கஹால் வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் குடிக்கிறீர்கள். அதோடு டிங்சரை முதலில் குடித்துவிட்டால் பிறகு எது வந்தாலும் சாதுவாகத்தான் தெரியும், நாக்கு மரத்துப்போயிருக்கும்.

என் கதை சின்னது. ப்ரூக்லாடி ஆலையின் ஆக்டமோர் 8.3, மால்ட்டில் 309 பிபிஎம். ஒரு நண்பர் ஊற்றித் தந்தார். வாய் எரிந்துவிடும் என்று பயந்துகொண்டே குடித்தேன். பார்லியும் தேனும்தான் முன்னால் வந்து நின்றது, புகை அதற்குப் பின்னால். அன்றிலிருந்து பாட்டில் அட்டையில் பிபிஎம் பார்ப்பதையே விட்டுவிட்டேன், ஏனென்றால் அந்த எண் மால்ட்டில் அளந்தது, கிளாஸில் இருப்பதை அளந்தது இல்லை. அரைப்பது, ஊறவைப்பது, காய்ச்சுவது, சேகரிப்பதை எப்போது நிறுத்துவது, பீப்பாயில் பத்து வருடம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் பீனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும். காய்ச்சும்போது பீனால் பின்பகுதியில்தான் அதிகம் இறங்கும், அதனால் பத்து நிமிடம் முன்னாடியே நிறுத்தினால்கூட ஆள் மாறிவிடும்.

மறுபடி செய்து பாருங்கள். எது முதலில் என்பதை ஊற்றித் தருபவரே முடிவு செய்யட்டும். 30 மில்லி ஆர்ட்பெக்கில் 4.5 மில்லி தண்ணீர் சேர்த்தால் அதுவும் 40 சதவீதத்துக்கு வந்துவிடும். குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள், குழந்தைக்கு மருந்து தருகிற சிரிஞ்சில் அளந்து விடுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். புகை வாசனைக்கு முக்கியக் காரணம் குவாயகால் என்கிற பொருள், 2017ல் ஸ்வீடனில் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் கணினியில் உருவகித்துப் பார்த்தார்கள்: ஆல்கஹால் 45 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது குவாயகால் திரவத்தின் மேற்பரப்பில் வந்து நிற்கிறது, 59க்கு மேலே போனால் உள்ளே இறங்கிவிடுகிறது. மூக்கு மேற்பரப்பில்தானே வைக்கிறோம்! கிளாஸ் வாய் குறுகியதாக இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். முக்கியமாக, எது எந்த கிளாஸ் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது, வேறு யாராவது ஊற்றித் தர வேண்டும்.

இரவுப்பணி:

சதவீதக் கணக்கு எனக்குத் தெரியாது. நான் நர்ஸ், இங்கிலாந்தில் பன்னிரண்டு வருடம். கூட வேலை பார்த்த ஒரு அம்மா ஓய்வு பெற்ற அன்று அவர் வீட்டில் லஃப்ராய்க் திறந்தார்கள். என் கைக்குக் கிளாஸ் வந்ததும் எனக்கு அந்த வீடே மறைந்துவிட்டது. காலை நாலு மணி, கட்டு மாற்றுகிற தட்டு, விளக்கு மங்கலான வார்டு, கடைசிப் படுக்கையில் ஒரு பெரியவர் தூக்கம் வராமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார், அவர் முகம் அப்படியே முன்னால் வந்தது. அவர் போய் நாலு வருடம் ஆகிறது. குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் மனசு வரவில்லை, கையிலேயே வைத்து மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அமெரிக்காவில் மதுவிலக்குக் காலத்தில் லஃப்ராய்க்கை மருந்து என்று சொல்லி விற்றார்களாம். அந்த வாசனையை மோந்த பிறகு அதை நம்புவதில் எனக்குக் கஷ்டமே இல்லை. ஆர்ட்பெக்கை அப்புறம் குடித்தேன், நன்றாக இருந்தது, ஆனால் எந்த முகமும் வரவில்லை. எனக்கு லஃப்ராய்க்தான் அதிகம். புகையைச் சொல்லவில்லை, அதில் இருக்கிற வேறு ஏதோ ஒன்று.

பழையபாட்டில்:

இரவுப்பணி சகோதரி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் லஃப்ராய்க்கை அதோடு விட்டுவிடாதீர்கள். நேராக அதில் போய் நின்றதுதான் கஷ்டம். முதலில் பொமோர் 12, பீட் மிதம்தான். பிறகு காலிலா 12. அப்புறம் லகவூலின் 16, அதில் பீப்பாய் இனிப்பும் உலர்ந்த திராட்சையும் புகையைத் தாங்கிப் பிடிக்கும். அதன்பிறகு லஃப்ராய்க்குக்குத் திரும்பி வந்தால் அதே மருந்து நெடிக்குப் பின்னால் வெனிலா தெரியும், போர்பன் என்கிற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய் தந்த வெனிலா. வெறும் வயிற்றில் வேண்டாம். புகையிட்ட மீனோ நீலப் பாலாடைக்கட்டியோ ஒரு துண்டு கூட இருக்கட்டும், உப்பு அந்த நெடியை மட்டுப்படுத்தும். ஐஸ் போடாதீர்கள், வாசனை சுருங்கிவிடும்.

பார்லிக்கணக்கு அண்ணன் சொல்கிற சிரிஞ்சு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆர்ட்பெக்கை 46ல் அடைத்ததே ஆலைக்காரர்கள் யோசித்துச் செய்த முடிவு, அதை 40க்கு இறக்கிவிட்டு லஃப்ராய்க்கோடு ஒப்பிட்டால் ஒப்பிடுவது ஆர்ட்பெக்கையே இல்லை. நியாயமாகப் பார்க்க வேண்டுமென்றால் லஃப்ராய்க் 10 காஸ்க் ஸ்ட்ரெங்த், அதாவது தண்ணீர் சேர்க்காமல் பீப்பாயிலிருந்த வீரியத்திலேயே அடைத்தது, வாங்கி அதை 46க்கு இறக்குங்கள்.

என் அனுபவம் ஒன்றே ஒன்று. கால் பாகம் மிச்சமிருந்த ஆர்ட்பெக்கை அலமாரியில் வைத்து இரண்டு வருடம் மறந்துவிட்டேன். திறந்தபோது புகை இல்லை. எலுமிச்சை இருந்தது, புகை போய்விட்டது. திறந்த பாட்டிலை, அதுவும் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால், சில மாதங்களுக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் சின்ன பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

செம்புப்பானை:

ஆலைக்காரர்கள் முடிவு என்கிறீர்கள், அதே லஃப்ராய்க் 10ஐ அமெரிக்காவுக்கு 43ல் அனுப்புகிறார்கள். அப்படியானால் எது உண்மையான லஃப்ராய்க்? பார்லிக்கணக்கு சொல்வதுதான் சரி, ஒரு தடவையாவது சமமாக வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

கிளாஸ்கோவாசி:

செய்து பார்த்துவிட்டேன். சிரிஞ்சு, 4.5 மில்லி, ஐந்து நிமிடம், எல்லாம். மனைவி ஊற்றித் தந்தாள், நான் சமையலறைப் பக்கம் திரும்பவே இல்லை.

முதல் கிளாஸை மோந்ததுமே லஃப்ராய்க் என்று சொல்லிவிட்டேன், சரியாக இருந்தது. அந்த டிங்சரை இனி எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். தண்ணீர் சேர்த்த ஆர்ட்பெக் மாறித்தான் இருந்தது. மிளகு பின்வாங்கி, தாரும் கருகலும் முன்னால் வந்தன, ஆனால் அப்போதும் லஃப்ராய்க் அளவுக்குக் கமறவில்லை. பார்லிக்கணக்கு அண்ணே, எது எது என்று தெரியாமல் குடித்தும் சதவீதம் சமமாகியும் எனக்கு அதே பதில்தான் வந்தது. அதோடு கதை முடிந்தது என்று படுத்துவிட்டேன்.

காலையில் காப்பி போடப் போனபோது இரண்டு காலி கிளாஸும் மேசைமேலேயே இருந்தன. சும்மா எடுத்து மோந்தேன். லஃப்ராய்க் கிளாஸில் மருந்து சுத்தமாகப் போய்விட்டது, லேசாக வெனிலா மட்டும். ஆர்ட்பெக் கிளாஸில் புகை. முந்தின இரவு எரிந்து அணைந்த அடுப்புக்குள் முகத்தை விட்ட மாதிரி, அறை முழுக்கப் புகை. மனைவியைக் கூப்பிட்டு நீட்டினேன், அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். செம்புப்பானை, பார்லிக்கணக்கு, இது ஏன் என்று யாராவது சொல்லுங்கள். இரண்டு கிளாஸையும் இன்னும் கழுவாமல் வைத்திருக்கிறேன்.