கண்ணாடி டைல் டாலர்: நடுவில் பால் போல மங்கல், பெயில் (சங்கிலி கோக்க முதுகில் ஒட்டும் வளையம்) பேப்பரோடு கழன்று வருகிறது

இழைவண்ணம்
வணக்கம் தோழிகளே. 25 மி.மீ. சதுர கண்ணாடி டைலின் அடியில் டிசைன் பேப்பர் ஒட்டி டாலர் செய்கிறேன். வீட்டு இன்க்ஜெட் பிரிண்ட் ஒன்று, புதுச்சேரி மார்பிள் டிசைன் கைக்காகிதம் ஒன்று. காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசை. பேப்பருக்கு இரு பக்கமும் முதலிலேயே பசை பூசி, காயவைத்துத்தான் ஒட்டுகிறேன். மூன்று நாள் ஆகியும் நடுவில் வெள்ளை மங்கல் போகவில்லை. இன்க்ஜெட்டில் கறுப்பு கசிகிறது. கைக்காகிதத்தில் பெயில் இழுத்தால் பேப்பரின் ஒரு அடுக்கோடு வந்துவிடுகிறது. எங்கே மாற்றணும்?

செம்பருத்தி
மங்கல் என்பது வெளியேறாத ஈரம்தான். வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கும்வரை பால் நிறம், அது போனால்தான் தெளிவு. கண்ணாடி ஈரத்தை விடாது. போக ஒரே வழி பேப்பரின் முதுகு. அதையும் முன்கூட்டியே பூசி அடைத்துவிட்டால் ஓரம் மட்டும் காயும், நடு அப்படியே நிற்கும். முதுகை ஒட்டும்வரை வெறுமையாக விடுங்கள்.

25 மி.மீ. டைலுக்கு நாலைந்து துளி பசை போதும். டைலின் தட்டையான பக்கத்தில் நடுவில் விட்டு, டிசைன் மேல் ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து இறக்குங்கள். உடனே திருப்பி, பேப்பர் முதுகில் நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் தள்ளுங்கள். குமிழியும் மிச்சப் பசையும் சேர்ந்தே வெளியே வரும். பிறகு பேப்பர் மேலே பார்க்க, கண்ணாடி கீழே இருக்கக் காயவிடுங்கள். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வைக்கலாம். ஹேர் டிரையர் வேண்டாம், சூட்டில் உள்ளே இருக்கும் சின்னக் குமிழி பெரிதாகும்.

முழுக்கத் தெளிந்தபிறகுதான் முதுகில் பூச்சு.

தாள்மடிப்பு
செம்பருத்தி சொன்னது வெள்ளைப் பசைக்கு மட்டும் பொருந்தும். எபாக்சியோ (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பிசின்) யூவி ரெசினோ (புற ஊதா விளக்கில் இறுகும் பிசின்) என்றால் நேர் எதிர்: இரு பக்கமும், வெட்டிய ஓரமும்கூட அடைத்தே ஆகணும். அடைக்காத இடத்தில் ரெசின் இழைக்குள் ஊறி, எண்ணெய் பட்ட மாதிரி இருண்ட திட்டு விழும். அது போகாது. யூவி ரெசினுக்கு டைலின் முகம் விளக்கைப் பார்க்கணும். பேப்பர் பக்கமிருந்து வெளிச்சம் போகாது.

இன்க்ஜெட் கசிவுக்குப் பூச்சு தேடி அலையவேண்டாம். ஜெராக்ஸ் கடையில் கலர் லேசர் பிரிண்ட் எடுங்கள், 100 முதல் 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மேட் பேப்பரில். டோனர் (லேசர் பிரிண்டரின் மைப்பொடி) தாளின் மேல் உருகி ஒட்டுவது, தண்ணீரில் கரையாது. ஸ்டுடியோ போட்டோ பேப்பர் வேண்டாம், அதன் ஜெலட்டின் பரப்பு ஈரத்தில் உப்பும். மெல்லிய ஜப்பானிய சியோகாமி (டிசைன் அச்சிட்ட தாள்) இதற்கு அருமையான தாள். இளநிற டிசைன் என்றால் பின்னால் ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள், இல்லையென்றால் உடையின் நிறம் தெரியும்.

கொக்கிவளையம்
பெயில் விஷயம். நீங்கள் அதைக் கண்ணாடியில் ஒட்டவில்லை, பேப்பரில் ஒட்டுகிறீர்கள். 4 மி.மீ. தடிமன் டைல் சுமார் 6 கிராம். அந்த எடை முழுக்கப் பேப்பரின் இழையில் தொங்குகிறது. கைக்காகிதம் பஞ்சு இழை, தடிமன் வேறு, அதனால் நடுவில் பிளக்கும். எவ்வளவு நல்ல பசை போட்டாலும் பிளக்கத்தான் செய்யும்.

தெளிந்தபிறகு வெள்ளைப் பசையைச் சமபங்கு தண்ணீரில் கரைத்து முதுகில் ஒரு கை பூசுங்கள். நீர்த்த பசைதான் இழைக்குள் இறங்கிக் கட்டும். அது காய்ந்ததும் கெட்டியாக இரண்டு கை. பிறகு பெயிலின் தட்டையை 220 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, மெதுவாக இறுகும் இருபாக எபாக்சியில் ஒட்டி 24 மணி நேரம் படுக்கவையுங்கள். மேல் விளிம்பை ஒட்டியே வையுங்கள். நடுவில் வைத்தால் டாலர் முன்னால் கவிழும். இன்ஸ்டன்ட் பசை வேண்டாம், ஆவி படிந்து கண்ணாடி வெளுக்கும், சின்ன இடிக்கே விட்டுவிடும்.

தடித்த கைக்காகிதம்தான் வேண்டும் என்றால் 25 மி.மீ. உலோகத் தட்டு வாங்கி டைலை அதற்குள் உட்காரவையுங்கள். வளையம் தட்டிலேயே இருக்கும், பேப்பர் எடை தாங்கவேண்டியதில்லை.

ஓரத்தைக் கட்டர் பிளேடில் கண்ணாடியோடு ஒட்டி வெட்டி, உப்புத்தாளைப் பேப்பர் பக்கத்திலிருந்து கண்ணாடியை நோக்கி மட்டும் இழுங்கள். திருப்பி இழுத்தால் பேப்பர் உரியும். வெள்ளைப் பசை காய்ந்தபிறகும் வியர்வை பட்டால் வெளுக்கும், அதனால் முதுகுக்கும் ஓரத்துக்கும் கடைசியாக ஒரு கை கிளியர் லாக்கர் (நிறமில்லா வார்னிஷ் போன்ற பூச்சு) அவசியம்.

இழைவண்ணம்
நன்றி. மங்கலாக நிற்கும் டைல்களைக் காப்பாற்ற முடியுமா?

செம்பருத்தி
பெயில் ஒட்டாதவை என்றால், முதுகுப் பூச்சை உப்புத்தாளில் லேசாகச் சுரண்டி ஒரு வாரம் விட்டுப் பாருங்கள், நிறைய தெளியும். தெளியாதவற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் பேப்பரும் பசையும் கழன்று வரும். கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து மறுபடி பயன்படுத்தலாம்.