முதல் பாகம் இல்லாமல் இரண்டாம் பாகத்தைத் தொடங்கலாமா?

கேள்வி:
சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில், முதுகு பிய்ந்து ஒட்டுநாடா சுற்றிய டோல்கீனின் ‘இரு கோபுரங்கள்’ 5 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. முதல் பாகம் அங்கே இல்லை. ஈப்போவுக்குப் போகும்வரை காத்திராமல் இதையே படித்தால் கதை புரியுமா?

மறுமொழி:
வேண்டாம், தம்பி. டோல்கீன் ஒரே நாவலாக எழுதியதைத்தான் 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று நூல்களாகப் பிரித்து வெளியிட்டார்கள். ஆகவே, இரண்டாம் பாகத்தின் தொடக்க அத்தியாயத்திலேயே பயணக்குழுவின் வீரன் போரோமிர் அம்புகள் தைத்துச் சாயும்போது, கதையின் மையமான மாய மோதிரத்தைப் பறிக்க அவன் சற்றுமுன் துணிந்ததை அறியாதவருக்கு அந்தச் சாவு வெறும் செய்தியாகவே தோன்றும்.

மறுமொழி:
அண்ணன் சொல்வது அந்த நூலுக்குச் சரி. எல்லாத் தொடர்களுக்கும் பொருந்தாது. உர்சுலா லெ குவினின் ‘அட்டுவானின் கல்லறைகள்’ (1971) ‘எர்த்சீ’ வரிசையில் இரண்டாவது என்றாலும், தெனார் என்னும் சிறுமியோடு புதிதாகத் தொடங்குகிறது. முதல் நூலின் நாயகனான மந்திரவாதி கெட் வெகுநேரம் கழித்தே, நிலவறை இருட்டில் கைத்தடி ஒளியோடு தென்படுகிறான். நான் அதைத்தான் முதலில் படித்தேன். தோட்டத்து வீட்டில் மின்சாரம் தடைப்பட்ட இரவு என்பதால் கூடுதலாகவே பிடித்துப்போனது.

கேட்டவர்:
நன்றி. என் பிரதியில் முன்கதைச் சுருக்கம் இருக்கிறது, ஆனால் அதில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. தீபாவளிக்குத் துணி எடுக்க ஈப்போ போகும்போது முதல் பாகத்தைத் தேடுகிறேன்.