முட்டிவலியில் வீட்டோடு இருக்கும் அம்மாவுக்கு விஆர் ஹெட்செட் வாங்கலாமா?

குன்னூர்ப்பொண்ணு:
அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்கிறார். அப்பா இருந்தவரை வருஷம் தவறாமல் ஏதாவது ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். இப்போது லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில் அடைந்து கிடப்பதால் எதற்கெடுத்தாலும் எரிச்சல், ராத்திரி தூக்கமும் சரியில்லை. விஆர் (தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் காட்சி தெரிகிற, கண்ணில் மாட்டும் கருவி) மாட்டிவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே காசி முதல் சுவிட்சர்லாந்து வரை பார்க்கலாம், மனசு லேசாகும் என்று ஆபீஸில் ஒருவர் சொல்ல, அவரிடமே இரவல் வாங்கி ஒரு படகுச் சவாரி போட்டேன். கொஞ்ச நேரத்திலேயே "தலை சுத்துது, கழட்டுடி" என்று போய்ப் படுத்துவிட்டார். சொந்தமாக வாங்குவது வீண்செலவா?

தண்டவாளம்:
முதலில் டிவியில் போட்டுப் பாருங்க. நார்வேயின் அரசு டிவி என்ஆர்கே 2009-ல் பெர்கனிலிருந்து ஆஸ்லோ போகும் ரயிலில் கேமராவை வைத்து ஏழு மணி நேரத்துக்கு மேல் அப்படியே ஒளிபரப்பியது. சுரங்கத்துக்குள் போகும்போது மட்டும் இருட்டுக்குப் பதில் பழைய படத்துணுக்குகள். இதை யார் பார்ப்பார்கள் என்று தோன்றும், ஆனால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொஞ்ச நேரமாவது பார்த்தார்கள். அந்த ஊர் மக்கள்தொகையே அப்போது ஐம்பது லட்சத்தைத் தொடவில்லை! உங்கள் பெயரைப் பார்த்தால் அம்மாவுக்கு மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயில் பழக்கமாக இருக்கும் போல. 46 கிலோமீட்டரும் வெட்டாமல் எடுத்த வீடியோ தேடுங்க, பின்னணிப் பாட்டு சேர்த்தது வேண்டாம், சக்கரச் சத்தம்தான் விசேஷம்.

மனசாட்சி_எம்எஸ்சி:
2020-ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். ஆபீஸ் சாமான் விற்கும் கம்பெனியில் தன் வேலையைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டே இருக்கும் வீடியோவைக் காட்டி ஆட்களை நன்றாகச் சலிப்படைய வைத்து, அப்புறம் கடலடிப் பவளப்பாறைக் காட்சியைச் சிலருக்கு டிவியிலும், சிலருக்குச் சுற்றிலும் படம்பிடித்த 360 டிகிரி விஆரிலும், சிலருக்குத் தாங்களே இயக்கிப் பார்க்கிற கணினி வரைகலை விஆரிலும் காட்டினார்கள். சலிப்பு மூன்றிலுமே குறைந்தது. உற்சாகம் கூடியது கடைசி வகையில் மட்டும்தான். நூறு பேருக்கும் குறைவானவர்களை வைத்துச் செய்த சோதனை, அதனால் ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எரிச்சலைத் தணிக்க டிவியே போதும் என்பதுதான் என் கட்சி.

தலைசுற்றலுக்குக் காரணம், நகர்கிறோம் என்று கண் சொல்கிறது, உடம்பின் அசைவை உணரும் உள்காது இல்லை என்கிறது. ஓடுகிற எதையும் ஹெட்செட்டில் காட்டாதீங்க. கேமரா ஒரே இடத்தில் நிற்கிற காட்சி, ஐந்து நிமிஷம், கைப்பிடி வைத்த நாற்காலி.

வம்புசண்டை:
டோக்கியோவில் ஃபர்ஸ்ட் ஏர்லைன்ஸ் என்று ஒன்றை 2016-ல் ஆரம்பித்தார்கள். விமான சீட்டில் உட்கார வைத்து, பணிப்பெண் பாதுகாப்பு விளக்கம் எல்லாம் கொடுத்து, சாப்பாடு பரிமாறி, விஆரில் பாரிஸைச் சுற்றிக் காட்டுவார்கள். விமானம் தரையை விட்டு எழும்பவே எழும்பாது. அதில் பாதிச் சுகம் உபசாரத்திலும் கூட இருக்கிற ஆட்களிடமும்தான் என்பேன். தனியாகக் கண்ணாடியை மாட்டிவிட்டு நீங்கள் ஃபோனை நோண்டினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நெதர்லாந்தில் 2010-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், சுற்றுலா போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பு, போகாதவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள்; திரும்பி வந்தபின் பெரும்பாலானவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. அதனால் நாளைக்கு எந்த ஊர் என்று முந்தின நாளே அம்மாவையே சொல்லச் சொல்லுங்க. தூக்கமின்மைக்கு டாக்டரைப் பாருங்க, அதை வீடியோவிடம் விடாதீங்க.

குன்னூர்ப்பொண்ணு:
நேற்று சாயங்காலம் டிவியில் மலை ரயில் போட்டேன். ஹில்குரோவில் குரங்குகள் வந்ததும், இதே ஸ்டேஷனில் அப்பா கையிலிருந்து வடையைப் பிடுங்கிக்கொண்டு போன கதை ஆரம்பித்தது. அடுத்த ஸ்டேஷன் ரன்னிமேடா காட்டேரியா என்று எனக்கும் அவருக்கும் ஒரு சண்டை (ரன்னிமேடுதான், அவர் ஜெயித்தார்). தூக்கம் மாறவில்லை, டாக்டரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். ஹெட்செட்டை அப்புறம் யோசிக்கலாம். ஒரு சந்தேகம், மூக்குக்கண்ணாடியோடு அதை மாட்ட முடியுமா?

மனசாட்சி_எம்எஸ்சி:
சிலதில் முடியும், மூக்குக்கண்ணாடிக்கு இடம் விட ஒரு வளையம் கூடவே வரும். ஃபிரேம் அகலமாக இருந்தால் இடிக்கும், வாங்குவதற்கு முன் அம்மாவின் கண்ணாடியைக் கடைக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்க.